மெல்போர்னில் உரம் எடுத்த கதை

பிறந்த இருபதாவது நாள் என் மகள் அழ ஆரம்பித்தாள். அதற்கு முன்பும் அழுதிருக்கிறாள். பசிக்கு அழுவாள், ஈரத்துக்கு அழுவாள், தூக்கினால் நின்றுவிடும். இது வேறு. மாலை ஆறு மணி ஆனதும் முகம் சிவக்கும், கைகள் முட்டியாக இறுகும், முழங்கால்கள் வயிற்றோடு மடங்கும், பிறகு வீறிடல். மார்பில் வைத்தால் இரண்டு மடக்கு குடித்துவிட்டு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு விலகுவாள். ஒன்பது, பத்து, சில நாட்களில் பதினொன்று வரைக்கும் ஓயாது. பிறகு எதுவுமே நடக்காதது போலத் தூங்கிப்போவாள். நாங்கள் இருவரும் ஆறிப்போன சோற்றின் முன்னால் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்போம்.

2024 பிப்ரவரி அது. மெல்போர்னின் மேற்குப் புறநகரில் வாடகை வீடு. கணவருக்குக் கிடைத்த இரண்டு வார விடுப்பு முடிந்திருந்தது. விசா வராததால் அம்மா கோபிசெட்டிபாளையத்திலேயே இருந்தார், கைபேசித் திரைக்குள்.

“அந்தி நேரத்தில் அழுகிறாள் என்றால் கண் பட்டிருக்கிறது கண்ணு. உப்பு மிளகாய் சுற்றிப் போடு” என்றார். இங்கே பிப்ரவரியில் சூரியன் மறையவே எட்டு மணிக்கு மேல் ஆகும், ஆறு மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கிறது என்றேன். “அப்படியானால் உரம் விழுந்திருக்கும்” என்றார். அம்மாவிடம் எப்போதும் இரண்டாவது காரணம் ஒன்று தயாராக இருக்கும்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு உரம் விழுவதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. தூக்கும்போது குழந்தையின் தலை ஒரு பக்கம் சரிந்தால் கழுத்திலோ தோளிலோ பிசகிக்கொள்ளும், அதனால்தான் பால் குடிக்காமல் அழுகிறது என்பது நம்பிக்கை. என் தம்பிக்கு உரம் எடுத்தபோது எனக்கு ஏழு வயது. எங்கள் தெருக்கோடிப் பாட்டி வந்து பழைய வேட்டியை மடித்து, நடுவில் அவனைப் படுக்கவைத்து, ஒரு முனையை அம்மாவிடம் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று உருட்டினார். வேட்டிக்குள் தம்பி பூசணிப் பிஞ்சு போல உருண்டான். பிறகு இரு கால்களையும் சேர்த்துப் பிடித்து ஒரு கணம் தலைகீழாகத் தூக்கி, முதுகில் ஒரு தட்டு. வெற்றிலை பாக்கோடு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். தம்பி அன்று நன்றாகத் தூங்கினான். அவ்வளவு உருட்டினால் யாராக இருந்தாலும் தூங்கத்தான் செய்வார்கள் என்று இப்போது தோன்றுகிறது. கழுத்து நிற்காத குழந்தையை அப்படித் தூக்கினார்களே என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

“அந்த ஊரில் உரம் எடுக்க யார் இருக்கிறார்கள்?” என்று அம்மா வருந்தினார். இருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், கண்ணாடிக் கதவும் சுவரில் பட்டச் சான்றிதழுமாக.

அந்தக் கதைக்குப் போகுமுன், நாங்கள் முதலில் போனது செவிலியரிடமும் டாக்டரிடமும்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரிசை முக்கியம். விக்டோரியா மாநிலத்தில் ஒவ்வொரு பகுதியிலும் தாய் சேய் நலச் செவிலியர் உண்டு. குழந்தையோடு ஒரு பச்சைப் புத்தகமும் கொடுத்து அனுப்புவார்கள். எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் அதில் ஏறும். நான்காவது வாரச் சோதனைக்குப் போனபோது, குழந்தை ஓயாமல் அழுகிறது என்றதும் அந்த அம்மா முழு உடுப்பையும் கழற்றச் சொன்னார். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். அடிவயிற்றின் இரு பக்கமும் குடலிறக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். கடைசியில் காலுறைகளையும் கழற்றி, ஒவ்வொரு கால்விரலையும் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். “உங்கள் முடியை” என்றார். பிரசவத்துக்குப் பிறகு அம்மாக்களுக்கு முடி கொட்டும். அதில் ஒரு இழை காலுறைக்குள் புகுந்து குழந்தையின் விரலை நூல் போலச் சுற்றி இறுக்கிவிட்டால், விரல் வீங்கும். எதனால் அழுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இடுப்பு வரை முடி வைத்திருக்கும் எனக்கு அதுவரை ஒருவரும் இதைச் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் எங்கள் வீட்டில் முதல் வேலை விரல் பார்ப்பது.

முடி எதுவும் இல்லை. 3.2 கிலோவில் பிறந்தவள் 3.9 கிலோவுக்கு வந்திருந்தாள். எடை ஏறுகிறது, பச்சையாக வாந்தி இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, அழாத நேரத்தில் விழித்துப் பார்க்கிறாள். டாக்டரும் இதையேதான் வரிசையாகக் கேட்டார். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்றார். பிறகு, “இது கோலிக்” என்றார்.

கோலிக் என்பது ஒரு நோயின் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு கணக்கு. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதால் கோலிக் என்று 1954இல் வெஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்தார்கள். இப்போது மூன்று வாரம் வரைக்கும் காத்திருப்பதில்லை. பல குழந்தைகளுக்கு இரண்டாவது வாரம் வாக்கில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். வயிறுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அழும்போது காற்றை விழுங்குவதால் வயிறு உப்புவதும் உண்டு. “மருந்து?” என்று கேட்டேன். “காலம்” என்றார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் கேட்டதோ, ‘போய் வா’ என்பது மட்டும்தான்.

அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் ஒரு கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் தட்டியும் வைத்தியம் செய்பவர். அவர் முக்கால் மணி நேரம் கொடுத்தார். அதை மறைக்க மாட்டேன். பிரசவம் எப்படி நடந்தது, எத்தனை மணி நேரம் வலி, நான் தூங்கினேனா என்றெல்லாம் கேட்டார். ஐந்து வாரத்தில், நான் தூங்கினேனா என்று கேட்ட முதல் ஆள் அவர். தலையில் வாக்குவம் என்ற உறிஞ்சு கருவி வைத்து எடுத்த குழந்தை என்றதும் தலையாட்டினார். கழுத்தின் மேல் எலும்பில் இறுக்கம், அதனால் நரம்புக்கு அழுத்தம், அதனால் செரிமானக் கோளாறு என்றார். ஆங்கிலத்தில் சொன்னாரே ஒழிய, தெருக்கோடிப் பாட்டி சொன்னதற்கும் இதற்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. என் மகளை மெத்தையில் படுக்கவைத்துக் கழுத்தின் பக்கவாட்டில் விரல் நுனியால் அழுத்தினார். “தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்ப்போமே, அவ்வளவு அழுத்தம்தான்” என்றார். சொடக்கு எதுவும் விழவில்லை. முதல் முறை 95 டாலர், அடுத்தடுத்து 60 டாலர், மொத்தம் ஆறு முறை வர வேண்டும் என்றார்கள்.

அன்று மாலை ஏழு மணிக்குத் தூங்கினாள். கணவர் கதவருகே நின்று கையைக் கூப்பினார். அம்மாவிடம் சொன்னபோது, “நான் சொன்னேன் இல்லையா, உரம்தான்” என்றார்.

மறுநாள் நான்கு மணி நேரம் அழுதாள். இரண்டாவது முறை போனபோது இதைச் சொன்னேன். உடம்பு சரியாகும்போது முதலில் கொஞ்சம் கூடத்தான் செய்யும் என்றார். எனக்குள் எங்கேயோ ஒரு மணி அடித்தது. அழுகை குறைந்தால் சிகிச்சை பலித்தது, கூடினாலும் சிகிச்சை பலிக்கிறது. குடுகுடுப்பைக்காரர் வாக்குக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு கிடையாது.

மூன்றாவது முறை, பேனா அளவில் ஓர் உலோகக் கருவியை எடுத்தார். உள்ளே ஸ்பிரிங் வைத்தது. தன் உள்ளங்கையில் ‘டிக்’ என்று தட்டிக் காட்டினார். அதற்குள் நான் கொஞ்சம் படித்திருந்தேன். 2018இல் இதே மெல்போர்னில் ஒரு கைரோபிராக்டர் இரண்டு வாரக் குழந்தையைக் கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் இப்படியொரு கருவியால் தட்டும் வீடியோ 2019 தொடக்கத்தில் பரவி நாடே கொதித்தது. அந்தக் காட்சி தம்பியை நினைவுபடுத்தியது. வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நாங்களும் அதன்பின் போகவில்லை.

கணவர் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். ஒரு நாளுக்கு ஒரு வரி, அரை மணிக்கு ஒரு கட்டம், அழுத நேரத்துக்குச் சிவப்பு மை. கணக்கர் புத்தி என்று கேலி செய்திருக்கிறேன். அந்த நோட்டுதான் எங்கள் கண்ணைத் திறந்தது. ஐந்தாவது வாரம் சராசரி மூன்றேகால் மணி, ஆறாவது வாரம் நான்கு மணியை ஒட்டி, ஏழாவது வாரம் மூன்று, எட்டில் இரண்டேகால், பத்தில் ஒன்று. பன்னிரண்டாவது வாரத்துப் பக்கத்தில் சிவப்பே இல்லை. நாங்கள் கைரோபிராக்டரிடம் முதலில் போனது ஆறாவது வாரத்தில். பொறுக்கமுடியாத கட்டத்தில்தானே யாரும் போவார்கள்? பொறுக்கமுடியாத கட்டம் என்பதே உச்சம். மலையுச்சியில் நிற்பவர் எந்தப் பக்கம் அடி எடுத்து வைத்தாலும் இறக்கம்தான்.

இதில் வேடிக்கை, அழுகை உச்சத்தில் இருந்த பத்து நாட்களுக்குள் எங்கள் வீட்டில் எல்லாரும் ஏதோவொன்றைத் தொடங்கியிருந்தார்கள். அம்மா பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கணவர் மருந்துக்கடையிலிருந்து புரோபயாடிக் சொட்டு, அதாவது குடலுக்கு நல்லது என்று சொல்லப்படும் நுண்ணுயிர்கள் கலந்த சொட்டு, வாங்கி வந்தார். கோயம்புத்தூரிலிருந்து அத்தை ஓமத்தண்ணீரும் வசம்பும் சொன்னார். வசம்பைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அதை மட்டும் தவிர்த்து, ஓமத்தை நான் குடித்தேன். நான் பால் பொருட்களை நிறுத்திப் பார்த்தேன். அழுகை குறைந்ததும் ஆளுக்கு ஒரு வெற்றிக்கொடி. அம்மன் குண்டத்துக்கு அம்மா போய் வந்தார். சொட்டு மருந்தின் பெயரைக் கணவர் அலுவலகம் முழுக்கப் பரப்பினார். அந்தச் சொட்டைப் பற்றி டாக்டர் பிறகு விளக்கினார்: தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட வகை நுண்ணுயிர் ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகள் உண்டு, ஆனால் 2014இல் மெல்போர்னிலேயே 167 குழந்தைகளிடம் செய்த சோதனையில் பயன் தெரியவில்லை. எங்களுடையவளோ தாய்ப்பாலும் புட்டிப்பாலும் சேர்த்துக் குடித்தவள்.

என்னை உட்காரவைத்தது நார்வேயில் நடந்த ஒரு சோதனை. பெர்கன் நகரில் கோலிக் உள்ள 86 குழந்தைகள். 2001இல் முடிவு வெளியானது. பெற்றோரிடமிருந்து குழந்தையை ஒரு செவிலியர் வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவார். பாதிப் பேருக்குக் கைரோபிராக்டர் முதுகெலும்புச் சிகிச்சை கொடுத்தார். மீதிப் பேரைச் செவிலியர் பத்து நிமிடம் சும்மா தூக்கி வைத்திருந்தார். எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் தேறியதாகப் பெற்றோர் சொன்னார்கள். சும்மா தூக்கி வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு அறுபது. இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியது என்பதால் சிகிச்சைக்குப் பலன் இல்லை என்று முடிவு செய்தார்கள். 2012இல் இத்தகைய ஆறு சோதனைகளை, 325 குழந்தைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு சேர்த்துப் பார்த்தது. மேலோட்டமாக அழுகை குறைந்தது போலத் தெரிந்தது. பெற்றோருக்கு விவரம் தெரியாத சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அந்தப் பலன் கரைந்துவிட்டது.

சும்மா தூக்கி வைத்தே தேறிய அந்தக் குழந்தைகளின் பெற்றோரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். என்னைப் போலவே அவர்களும் வீட்டுக்குப் போய்க் கையைக் கூப்பியிருப்பார்கள்.

இந்தத் தொழிலின் தொடக்கம் 1895. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் என்பவர் ஒருவருடைய முதுகெலும்பைத் தட்டிச் செவிட்டுத்தன்மையைக் குணமாக்கியதாகச் சொன்னதில் ஆரம்பித்தது. குழந்தைகளின் கோலிக்குக்கு இது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியதற்காகப் பிரிட்டனில் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் மீது 2008இல் அந்நாட்டுக் கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குப் போட்டது. 2010இல் சங்கமே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரியவர்களின் இடுப்பு வலிக்கு இவர்களிடம் போய் நிம்மதி அடைந்தவர்களை எனக்குத் தெரியும். அது வேறு கதை.

ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பை இப்படிக் கையாளக் கூடாது என்று 2019 மார்ச்சில், இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் கைரோபிராக்டிக் வாரியம் தடை விதித்தது. அந்த ஆண்டே விக்டோரியா அரசு ஓர் ஆய்வை வெளியிட்டது. பெரிய தீங்கு நடந்ததற்குச் சான்று அதிகமில்லை, பயன் இருப்பதற்கும் உறுதியான சான்று இல்லை என்பது சாரம். ஆனால் கருத்துச் சொன்ன பெற்றோர் ஆயிரக்கணக்கில். ஏறத்தாழ எல்லாருமே நல்ல அனுபவம் என்றுதான் எழுதியிருந்தார்கள். மூன்றாவது முறைக்கு முன் யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். 2023 இறுதியில் வாரியம் அந்தத் தடையைத் தளர்த்தியது. நாங்கள் போனது அந்த இடைவெளியில். செய்தி வெளியாகி, சுகாதார அமைச்சர்கள் எதிர்த்த பின், 2024 ஜூனில் தடை மறுபடியும் வந்தது.

இனி, இதையெல்லாம்விட எனக்கு முக்கியமான ஒரு இரவு.

ஏழாவது வாரம். கணவருக்கு மாலை ஷிஃப்ட். இரவு பத்தரை மணி. நான்கரை மணி நேரமாக அழுகிறாள். தோளில் போட்டு வீட்டுக்குள் நடந்து நடந்து என் குதிகால் மரத்துவிட்டது. அவளுடைய முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. அவளைப் பிடித்திருந்த என் கைகள் இறுகுவதை, வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போல நான் பார்த்தேன். குலுக்கினால் நின்றுவிடும் என்று ஓர் எண்ணம் வந்தது. வந்தது என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். கதவைச் சாத்தினேன். பின்வாசலுக்குப் போய்த் துணிக்கொடிக்குக் கீழே நின்றேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை ஐந்து மணி. என்ன நடந்தது என்று சொல்லாமல் அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “உன்னைத் தூளியில் போட்டுவிட்டு நான் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்திருக்கிறேன் கண்ணு. நீ கத்துவது அங்கேயும் கேட்கும். சாணியள்ளி முடித்துவிட்டுத்தான் வருவேன்” என்றார். முப்பத்திரண்டு வருடமாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஏழு நிமிடம் கழித்து உள்ளே போனேன். அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் என் கைகள் என்னுடையவையாக இருந்தன.

அடுத்த நாள் செவிலியரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். “சரியாகச் செய்தீர்கள்” என்றார். குழந்தையைக் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரும், சில நொடிகள் போதும்; பாதுகாப்பான தொட்டிலில் தனியாக அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, ஐந்து பத்து நிமிடம் வெளியே போய் மூச்சு விட்டுவிட்டு வாருங்கள் என்றார். என் மனநிலையைப் பற்றி ஒரு தாளில் பத்துக் கேள்விகள் கொடுத்து நிரப்பச் சொன்னார். விக்டோரியாவில் இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியரோடு பேசத் தொலைபேசிச் சேவை இருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. பச்சைப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். யார் புரட்டுகிறார்கள்?

அதன்பின் வீட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். மாலை ஆறிலிருந்து பத்து வரை இருபது நிமிடத்துக்கு ஒருவர். முறை முடிந்தவர் அதே அறையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லக் கூடாது, வெளியே போய்விட வேண்டும். கணவர் இல்லாத நாட்களில், எதிர்வீட்டு வியட்நாமியப் பாட்டி வந்து முதல் முறையை எடுத்துக்கொண்டார். அவருக்கும் எனக்கும் பொது மொழி கிடையாது. குழந்தையை முழங்கையின் மேல் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டே நடப்பார். அழுகை குறைந்ததா என்றால் இல்லை. நான் சூடாகச் சோறு சாப்பிட்டேன்.

ஜூனில், தடைச் செய்தி வந்த வாரம், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் திருச்சிப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. முதல் குழந்தை, ஐந்து வாரம். பின்னணியில் அந்தக் கத்தல். கேட்டதும் எனக்கு மார்பில் பால் கட்டியது. “அக்கா, நீங்கள் ஏதோ முதுகு வைத்தியரிடம் போனீர்களாமே, நம்பர் தருவீர்களா?” என்றாள். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினாளாம், எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

காலணியை மாட்டிக்கொண்டு போனேன். குழந்தையை வாங்கி, முதலில் காலுறைகளைக் கழற்றி விரல்களைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளைக் குளிக்கப் போகச் சொன்னேன். தயங்கினாள். “தலைக்கு ஊற்றிக்கொண்டு வா, அவசரமில்லை” என்றேன். அவள் குளித்து, தலை துவட்டி வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. இருபத்தைந்து நிமிடமும் குழந்தை என் தோளில் அழுதுகொண்டேதான் இருந்தது.